தாரின் பொறுமை

சித்திரை மாதத்து நண்பகலில், யாழ்ப்பாணத்துத் தார் வீதியில் வெறுங்காலுடன் கோவிலுக்குச் சென்று மீண்டவர்களுக்குத் தாரின் குணத்தை எடுத்துக் கூற வேண்டியதில்லை. கால் சுடுவது ஒருபுறமிருக்க, வீதியோரத்தில் நிறுத்திய துவிச்சக்கர வண்டியின் தாங்கி, நாம் அலுவல் முடித்துத் திரும்புவதற்குள் தாரினுள் மெல்லப் புதைந்துவிடும்.

பொருள்கள் திண்மம், திரவம், வாயு என மூவகைப்படும் என்று கீழ் வகுப்பிலே படிப்பிக்கின்றோம். தவணைப் பரீட்சையொன்றில் “தார் திண்மமா, திரவமா?” என்று நான் வினாவியதற்கு ஒரு மாணவன், “எவ்வளவு நேரம் பார்க்கப் போகிறோம் என்பதைப் பொறுத்தது” என எழுதியிருந்தான். விடைத்தாளைக் கண்ட சக ஆசிரியரொருவர், இது வெறுங் குறும்பு, பூச்சியம் போடும் என்றார். நானோ முழுப் புள்ளியும் வழங்கினேன். அவருக்குக் கூறிய காரணம் அவுஸ்திரேலியாவிலே கிடக்கிறது.

பிறிஸ்பேன் நகரில், குயீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகப் பௌதிகப் பேராசிரியர் தோமஸ் பானல் என்பார், 1927ஆம் ஆண்டில் தாருக்கு உறவான கீலைச் சூடாக்கி, அடி மூடிய புனலொன்றில் வார்த்தார். அது படியும்வரை மூன்று ஆண்டுகள் காத்திருந்து, 1930இல் புனலின் அடியை வெட்டிவிட்டார். சுத்தியலால் அடித்தாற் கண்ணாடிபோற் சிதறும் அக்கீல் அன்றுமுதல் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. முதல் துளி 1938இல் விழுந்தது! அதன் பிசுக்குமை தண்ணீரைப்போல ஏறக்குறைய 23,000 கோடி மடங்கு எனக் கணித்திருக்கின்றனர்.

1961 முதல் இப்பரிசோதனையைக் காத்து வந்தவர் ஜோன் மெயின்ஸ்ரோன். 1979இல் அவர் வீடு சென்றிருந்தபோது துளி விழுந்தது. 1988இல் தாகந் தீர்க்கச் சில நிமிடம் அகன்றார். அதற்குள் அடுத்த துளியும் விழுந்துவிட்டது. 2000இல் அவர் இலண்டனில் இருக்க, காவலுக்கு வைத்த கமரா பழுதாயிற்று. டப்ளின் திரினிற்றிக் கல்லூரியிலே 1944இல் தொடங்கப்பெற்ற இதுபோன்ற பரிசோதனையில், துளி விழுவதை 2013 யூலையிற் படம் பிடித்தனர். அப்படத்தை மெயின்ஸ்ரோன் திரும்பத் திரும்பப் பார்த்தாராம். அடுத்த மாதமே அவர் காலமானார். ஐம்பத்திரண்டு ஆண்டு காத்தவர் கண்டது அயலாரின் துளியை! பிறிஸ்பேனின் ஒன்பதாவது துளி 2014 ஏப்ரலில், கீழிருந்த முகவையை மாற்ற முற்பட்டபோது அறுந்தது.

இதிலே மறைந்திருக்கும் விஞ்ஞானம் எளியது. தாரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று வழுக்கிச் செல்ல நேரம் வேண்டும். திடீரென அடித்தால் அந்த நேரம் கிடைப்பதில்லை. ஆகவே அது சிறிது வளைந்து மீளும், அன்றி உடையும். நெடுநேரம் அழுத்தினால் வழுக்கி ஓடும், பின்னர் மீளாது. விரைந்தோடும் பேருந்தைத் தாங்கும் வீதி, அதே பேருந்து நாள்தோறும் வந்து நிற்கும் தரிப்பிடத்திலே பள்ளமாவது இதனாலேதான். வெப்பமேற்றுவதும் நேரம் கொடுப்பதும் தாருக்கு ஏறத்தாழ ஒன்றே. பிறிஸ்பேனில் ஏழாவது துளிக்குப் பின்னர் அக்கட்டடத்திற்குக் குளிரூட்டி பொருத்தினர்; எட்டு ஒன்பது ஆண்டுகளில் விழுந்துவந்த துளி, அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள் எடுத்தது. குளிரூட்டியைக் கண்டால் வேலையை மெதுவாக்குவோர் கந்தோர்களில் மட்டும் இல்லைப் போலும்.

சக ஆசிரியர் இவ்வளவையும் கேட்டபின், “சரி, ஆனாற் சோதனைத் திணைக்களம் இந்த விடையை ஏற்காதே” என்றார். அது உண்மையே. ஆகையால் அம்மாணவனைத் தனியே அழைத்து, பொதுப் பரீட்சையில் எப்படி எழுத வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுத்தேன். அதை அவன் அத்தனை விரும்பிக் கேட்டதாகத் தெரியவில்லை.

துளியை இணையத்தின் வழியாக யாரும் பார்க்கும்படி செய்திருந்தார்கள். என் மகள் அதைத் திறந்து, கன்னத்திற் கையூன்றிக் கால்மணி நேரம் பார்த்திருந்தாள்.

“அப்பா, படம் நின்றுபோச்சு” என்றாள்.

“நிற்கவில்லை, பிள்ளை” என்றேன்.