பாதை யாருக்கு? பலி யார்?

அகன்ற சாலையைக் கண்டதும், "ஆகா, இதுவன்றோ முன்னேற்றம்!" என்று நாமும் வியந்ததுண்டு. அமெரிக்காவின் டிட்ராய்ட் நகரத்து வரைபடங்கள் இரண்டை அருகருகே விரித்துப் பார்த்த அன்றுதான் அந்த வியப்பு அடங்கிற்று. பழைய படத்தின் நடுவே ஹேஸ்டிங்ஸ் தெரு. புதிய படத்திலோ, அதே இடத்தில் விரைவுச் சாலை!

ஹேஸ்டிங்ஸ், கறுப்பின மக்களின் கடைத்தெரு. கடைகளும் இசைக்கூடங்களும் நிறைந்த தெரு. அப்பகுதியில் அவர்கள் நெருக்கியடித்து வாழ்ந்தது விரும்பியா? இல்லை! கறுப்பருக்கு விற்கலாகாது என்று, மற்றப் பகுதிகளில் வீட்டுப் பத்திரத்திலேயே எழுதி வைத்தனர் வெள்ளையர். அந்த நிபந்தனையை நீதிமன்றங்கள் நிறைவேற்றலாகாது என 1948இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது, திருந்தும் உள்ளம் வரவில்லை. ஒதுக்கி வைத்தவர்களே பின்னர், "இது சேரி, இடித்திடுக!" என்றனர். ஊரையும் சேரியையும் கண்டு வளர்ந்த நமக்கு இந்த வாதம் புதிதா, தோழர்களே?

1956இல் நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது. மாநிலங்களை இணைக்கும் விரைவுச் சாலைகளுக்கான செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை மத்திய அரசே ஏற்றது. அதே ஆண்டில் டிட்ராய்டின் டிராம் ஓட்டம் நின்றது. வண்டிகள் மெக்சிகோ நகருக்கு விற்கப்பட்டன. காருள்ளவனுக்குக் கருவூலம் திறந்தது. காரில்லாதவனுக்கு இருந்த டிராமும் போயிற்று! 1964இல் திறக்கப்பட்ட 375ஆம் எண் விரைவுச் சாலையின் நீளம் ஏறத்தாழ ஒரே மைல். அந்த ஒரு மைலுக்குள் அடங்கிப் போயிற்று ஒரு மக்களின் கடைவீதி, பிழைப்பு, பாட்டு, உறவு!

போகட்டும், நெரிசலாவது ஒழிந்ததா? பொருளியலறிஞர் அந்தோணி டவுன்ஸ் 1962லேயே காரணத்தோடு விளக்கினார்: புதுச்சாலை திறந்ததும், பேருந்தில் சென்றவரும், வேறு வழியில் சென்றவரும், வேறு வேளையில் சென்றவரும் அதிலேயே வந்து குவிவர், நெரிசல் வேளையில் சாலை மீண்டும் நிரம்பிவிடும். பள்ளிப் பிள்ளையும் அறியும் கணக்கு: நாற்பது பேருக்கு ஒரு பேருந்து போதும், தனித்தனியே கிளம்பினாலோ நாற்பது கார்கள்!

பழைய தெய்வம் ஆடு கேட்டது. 'வளர்ச்சி' எனும் புதிய தெய்வம் தெருவையே கேட்டது. பலியிடப்பட்டவர் மட்டும், என்றும்போல், எளியவரே!

அந்தச் சாலையை அகற்றிச் சாதாரண வீதியாக்க, 2022இல் அமெரிக்க அரசே பத்துக் கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. வரைந்தது விதியன்று, மனிதன் கை என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ? எந்த நகரிலும் அடுத்த கோடு இழுக்கப்படுமுன் நாம் கேட்டாக வேண்டிய கேள்விகள் இரண்டு: பயணம் யாருக்கு? பறிபோவது யார் வீடு?