வேறு பிரஸ்ஸில் பழைய டை

ஒரு பிரஸ்ஸுக்கென்று செய்த டையைக் கழற்றி இன்னொரு பிரஸ்ஸில் மாட்டுவது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சின்ன வேலை. இரண்டும் பிரஸ்தானே, இரண்டும் மேலிருந்து கீழே அடிக்கிறதுதானே என்பார்கள். எங்கள் முதலாளியும் அப்படித்தான் நினைத்தார்.

எண்பதுகளில், கோயம்புத்தூர் கணபதிப் பக்கம் ஒரு சிறிய பட்டறையில் டூல் ரூம் என் பொறுப்பில் இருந்தது. 50 டன் பிரஸ் ஒன்றில் 3 மி.மீ. தகட்டில் பிராக்கெட் வெட்டிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் அதன் கிராங்க் ஷாஃப்டில் விரிசல் கண்டது. புது ஷாஃப்ட் வர இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். முதலாளி அலைந்து திரிந்து பழைய 100 டன் பிரஸ் ஒன்றை வாங்கி இறக்கிவிட்டார். சனிக்கிழமை லோடு போகவேண்டும். அன்று புதன்.

"ஏனுங்க, அதே டைதானுங்களே? தூக்கி வெச்சு அடிச்சா ஆச்சு. முன்னைக்கு இது ரெண்டு பங்கு பலமுங்க" என்றார்.

பலம் பிரச்சினையே இல்லை. வெட்டும் சுற்றளவு 240 மி.மீ., கனம் 3, மைல்டு ஸ்டீலுக்குச் சதுர மில்லிமீட்டருக்கு 40 கிலோ என்று வைத்துப் பெருக்கினால் 29 டன் வரும். பழைய பிரஸ்ஸுக்கே அது தாராளம். பிரச்சினையெல்லாம் வேறு இடங்களில் இருந்தது.

முதலில் ஷாங்க். டையின் மேல்பாதியை ராமில் பிடித்துத் தொங்கவிடுவது அதுதான். எங்களுடையது ஒன்றரை இஞ்ச், அதாவது 38.1 மி.மீ. புது ராமின் துளையோ 50. நடுவில் ஒரு பிளவு புஷ் போட்டால் போதும். ஆனால் அதன் உள்விட்டத்தையும் வெளிவிட்டத்தையும் லேத்தில் ஒரே பிடியில் கடையவேண்டும். கழற்றி மறுபடி பிடித்தால் மையம் ஓடிவிடும். 3 மி.மீ. தகட்டுக்குப் பன்ச்சுக்கும் டைக்கும் நடுவே பக்கத்துக்கு 0.15 மி.மீ.தான் இடைவெளி. அதில் தாளளவு நகர்ந்தாலும் ஒரு பக்கம் பிசிர், மறுபக்கம் பன்ச் விளிம்பு உதிரும்.

அடுத்தது உயரம். ராம் அடிமட்டத்தில் நிற்கும்போது பெட்டுக்கும் அதற்கும் நடுவே 290 மி.மீ. திருகைச் சுற்றி இன்னும் 60 இறக்கலாம். எங்கள் டை மூடிய நிலையில் 190. திருகை முழுக்க இறக்கினாலும் எட்டாது. எட்டினாலும், திருகைக் கடைசி மரை வரை வெளியே விட்டு அடிப்பது தற்கொலை. அதனால் கீழே 70 மி.மீ. தட்டு ஒன்று போட்டோம். திருகு பாதியில் நின்றது. அந்தத் தட்டு இன்னொரு தொல்லையையும் தீர்த்தது. புது பெட்டின் நடுத்துளை பழையதைப்போல் இரண்டு மடங்கு. அதன்மேல் டையை நேராக வைத்திருந்தால் அடித்தட்டு ஒவ்வோர் அடிக்கும் குழிந்து, கடைசியில் டையே பிளந்திருக்கும். தட்டில் பிராக்கெட் நழுவி விழும் அளவுக்கு மட்டும் துளை போட்டோம். அதையும் அடிப்பக்கம் கொஞ்சம் அகலமாக்கினோம், துண்டுகள் சிக்கி ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமலிருக்க.

இதுவரை முதலாளி பொறுத்துக்கொண்டார். சண்டை வந்தது ஸ்ட்ரோக்கில்.

பழைய பிரஸ்ஸின் ஸ்ட்ரோக் 50 மி.மீ., இதற்கு 100. மேலே போகும்போது வழிகாட்டும் பில்லர்கள் புஷ்ஷை விட்டு முழுக்க வெளியே வந்துவிடும். ஒவ்வொரு முறையும் வெளியே வந்து உள்ளே நுழையும் பில்லர் ஒரு நாள் நுழையாது. பில்லரை நீளமாக்கவும் வழியில்லை; மூடும்போது ராமில் முட்டும். புஷ்ஷைத்தான் நீளமாகக் கடைந்து கீழே தொங்கவிடவேண்டும். அதற்கு ஒரு நாள். அதோடு டை அகலமாய்த் திறப்பதால் கை உள்ளே போகுமளவு சந்து. சுற்றிலும் துளைத்தகட்டில் கார்டு வேண்டும். அதற்கு அரை நாள்.

"கார்டெல்லாம் அப்புறம் பாத்துக்கலாமுங்க. தகடு நீளப்பட்டையாத்தானே போகுது, கை எதுக்கு உள்ள போகுது?"

நான் பதில் சொல்வதற்குள், பக்கத்தில் நின்றிருந்த ஆபரேட்டர் அண்ணன் இடது கையை மெதுவாக நீட்டினார். அதில் இரண்டு விரல்கள் பாதிதான். எங்களிடம் வருவதற்கு முன், வேறொரு பட்டறையில் போனவை.

"அன்னைக்கு நானும் உள்ள கை விடலீங்க. துண்டு ஒண்ணு மாட்டுச்சு, எடுக்கப் போனேன். பெடல மிதிக்கவே இல்ல. அதா ரெண்டாவது அடி அடிச்சுதுங்க."

சாவிக் கிளச் போட்ட பழைய பிரஸ்களைத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். சாவி தேய்ந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்தாலோ, ஒருமுறை மிதித்தால் இரண்டுமுறை அடிக்கும். நாங்கள் வாங்கியதும் அதே ஜாதிதான். அன்று நடப்பில் இருந்த 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆவது பிரிவு இயந்திரத்துக்கு வேலி போடச் சொன்னது. அந்தக் காலத்தில் எத்தனை பட்டறைகள் அதைப் படித்தன என்று என்னைக் கேட்காதீர்கள்.

முதலாளி ஒன்றும் பேசவில்லை. வெளியே போய் ஒரு பீடி பற்றவைத்தார். திரும்பி வந்து, "திங்கக்கிழமை லோடுன்னு சொல்லிடறேன். கிளச்சையும் பிரிச்சுப் பாத்துருங்க" என்றார். கோபம்தான், மறைக்கவில்லை. திங்கட்கிழமைவரை என்னோடு சரியாகப் பேசவும் இல்லை.

கிளச்சைப் பிரித்தபோது சாவியின் ஒரு விளிம்பு மழுங்கியிருந்தது. மாற்றினோம். ஞாயிறு மதியம் மோட்டாரை நிறுத்திவைத்து, ஃப்ளைவீலைக் கையால் சுற்றி, பில்லர் புஷ்ஷுக்குள் இருக்கும்போதே கீழ்ப்பாதியை இறுக்கினேன். முதலில் செய்தித்தாள் ஒன்றை வைத்து இறக்கினோம். சுற்றிலும் ஒரே சீராக வெட்டியது. பிறகுதான் தகடு. முதல் பிராக்கெட்டை ஆபரேட்டர் அண்ணன் எடுத்து, அந்தப் பாதி விரலால் விளிம்பைச் சுற்றித் தடவினார்.

"பழசவிட நல்லா இருக்குதுங்க."

லோடு திங்கள் மாலை போனது. அந்த 70 மி.மீ. தட்டில் பிற்பாடு மேலும் மூன்று டைகள் ஏறின. கார்டையும் மாற்றி மாற்றிப் பொருத்திக்கொண்டோம். கார்டு போடாமல் அந்தப் பிரஸ்ஸை ஓட்ட, நான் அங்கிருந்தவரை அவர் ஒருவரையும் விடவில்லை.