பாம்புச் சின்னம் இல்லாத கோப்ரா

2019இல் வந்த 'ஃபோர்ட் வெர்சஸ் ஃபெராரி' படத்தைத் திரையரங்கில் பார்த்துக் கைதட்டியவர்களில் நானும் ஒருவன். மேட் டேமன் கேரல் ஷெல்பியாக நடித்த படம். அதில் சீறிப் பாய்ந்த கோப்ராக்களும் ஜிடி40களும் பெரும்பாலும் நகல் கார்கள் என்று பிறகுதான் படித்தேன். 'சூப்பர்ஃபார்மன்ஸ்' என்ற பெயரில் தென்னாப்பிரிக்காவில் கட்டப்படும் கார்கள் அவற்றில் பல. டிக்கெட் காசைத் திருப்பிக் கொடு என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அதே நகல் ஒருவர் வீட்டு வாசலில் நின்றால் மட்டும் "இது ஒரிஜினலா?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. இல்லை என்று சொன்னதும் கேட்டவர் முகம் சுருங்கிவிடும்.

அசல் கோப்ராவே கலப்பில் பிறந்ததுதான். ஷெல்பி டெக்சாஸ்காரர். கோழிப்பண்ணை வைத்து நொடித்துப் போனவர், 1959இல் லெ மான் பந்தயத்தை வென்றார். இதய நோய் வந்து பந்தயத்தை விட்ட பிறகு, 1961இல் இங்கிலாந்தின் ஏசி கார்ஸ் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். அவர்களிடம் அழகான, எடை குறைந்த கார் இருந்தது. அதற்கு எஞ்சின் தந்துகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். ஷெல்பி அதில் ஃபோர்டின் வி8 எஞ்சினைப் பொருத்தினார். 1962இல் முதல் கார் தயாரானது. அந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பத்திரிகைக்கும் கொடுக்கும் முன் வேறு வேறு வண்ணம் அடித்து அனுப்பினாராம், நிறைய கார்கள் தயாராகிவிட்டன என்று எல்லாரும் நம்பட்டும் என்று! அந்தக் காரைத்தான் 2016இல் ஒருவர் 13.75 மில்லியன் டாலருக்கு ஏலத்தில் எடுத்தார்.

பிறகு வந்த 427 கோப்ராவில் ஏழு லிட்டர் எஞ்சின். காரின் எடை ஏறக்குறைய நம் மைவி அளவுதான். கற்பனை செய்து பாருங்கள். 1967இல் தயாரிப்பு நின்றபோது எல்லா வகையும் சேர்த்து ஏறக்குறைய ஆயிரம் கார்கள்தான் வெளிவந்திருந்தன. (கோப்ராவை மஸில் கார் என்று சொன்னால், அது ஸ்போர்ட்ஸ் கார் என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு. அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.) இன்று சாலையில் ஒரு கோப்ராவைக் கண்டால், அது நகலாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

என்னோடு கல்லூரியில் படித்த நண்பன் ஒருவன் அமெரிக்காவில் வேலை பார்க்கிறான். வீட்டுக் கராஜில் கோப்ரா கட்டினான். 'ஃபேக்டரி ஃபைவ்' என்ற நிறுவனத்திடமிருந்து சேஸியும் ஃபைபர் உடலும் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. பழைய மஸ்டாங் ஒன்றை வாங்கி அதன் எஞ்சின், கியர்பாக்ஸ், பின் அச்சு எல்லாவற்றையும் கழற்றினான். ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க மகள். இரண்டு வருடம் சனிக்கிழமைதோறும் புலனத்தில் எனக்குப் படங்கள் வரும். முதல் முறை எஞ்சின் உறுமிய காணொளியில் அப்பாவும் மகளும் கத்திய கத்தலில் எஞ்சின் சத்தமே கேட்கவில்லை. அதைப் போய் 'போலி' என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் எல்லா நகலும் ஒன்றல்ல. நம் ஊரில் புரோட்டோன் வீராவை எவோ 3 ஆக்கியவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் அடிப்படை ஒரே மிட்சுபிஷி லான்சர் என்பதால் பம்பரும் பொனட்டும் சரியாக உட்கார்ந்துவிடும். அமெரிக்காவில் இதே வேலையை 'குளோன்' என்கிறார்கள். 1964இல் பொன்டியாக் ஜிடிஓ வந்ததே, லெமான்ஸ் என்ற சாதாரண மாடலுக்குப் பெரிய எஞ்சினோடு விற்ற ஆப்ஷன் தொகுப்பாகத்தான். ஜிடிஓ என்ற பெயரும் ஃபெராரியிடமிருந்து எடுத்துக்கொண்டது. அதனால் ஒரு லெமான்ஸை ஜிடிஓ ஆக்குவது தேர்ந்த மெக்கானிக்குக் கஷ்டமே இல்லை. ஓட்டுகிறவருக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

விலையில்தான் தெரியும். பழைய பிளிமத், டாட்ஜ் கார்களின் அடையாள எண்ணில் ஐந்தாவது இடம் எஞ்சினைக் குறிக்கும். அங்கே 'ஆர்' என்ற எழுத்து இருந்தால் அது ஆலையிலேயே 426 ஹெமி எஞ்சினோடு பிறந்த கார். 1971 ஹெமி குடா கன்வர்ட்டிபிள் ஒன்று 2014இல் 3.5 மில்லியன் டாலருக்குப் போனது. அதே உடலில் அதே எஞ்சினைப் பிறகு பொருத்தியிருந்தால் அந்தத் தொகையின் பக்கமே போக முடியாது. ஒற்றை எழுத்துக்கு அவ்வளவு பணம் என்றால், அந்த எழுத்தை மாற்றி அடிக்கக் கை அரிப்பவர்களும் இருக்கத்தானே செய்வார்கள். சேஸி எண் மாற்றிய 'குளோன்' கார்களைப் பற்றி நம் நாட்டுச் செய்திகளில் படித்திருக்கிறோம். புஸ்பாகோமில் எண்ணைத் தேடி டார்ச் அடித்துப் பார்ப்பது சும்மா இல்லை.

ஷெல்பியே இந்தச் சிக்கலில் மாட்டினார். 1990களின் தொடக்கத்தில், கட்டி முடிக்காமல் கிடந்த 60களின் சேஸிகள் என்று சொல்லிச் சில கோப்ராக்களை விற்க முன்வந்தார். எண்கள் மட்டும்தான் பழையவை, சேஸிகள் புதிதாகச் செய்யப்பட்டவை என்பதை 1993இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழ் வெளியிட்டது. பிறகு புதிய எண் வரிசையில், புதிய கார் என்றே சொல்லி விற்றார். அவற்றுக்கும் ஆள் இருந்தது. இதே ஷெல்பி நகல் நிறுவனங்கள் மீது வழக்கும் போட்டார் என்பது தனிக்கதை.

எங்கள் நிலையத்தில் ஒரு பழைய பாடலை மேடைப் பாடகர் பாடிய பதிவு இருந்தால், யார் குரல் என்று சொல்லிவிட்டுத்தான் ஒலிபரப்புவோம். நேயர்கள் ரசிப்பார்கள். சொல்லாமல் போட்டுப் பாருங்கள், தொலைபேசி ஓயாது. காரிலும் எனக்கு அந்தக் கணக்குத்தான். அமெரிக்கச் சட்டமும் கிட்டத்தட்ட அப்படித்தான் யோசித்திருக்கிறது. 25 ஆண்டுகளுக்கு மேல் பழைய காரின் தோற்றத்தில், ஆண்டுக்கு 325 கார்கள் வரை சிறு நிறுவனங்கள் கட்டி விற்க 2015இல் வழி செய்தார்கள். அதை நகல் என்று வெளிப்படையாகக் குறிக்க வேண்டும்.

கட்டியவர் கையில் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. மூன்றாவது, நான்காவது கைக்குப் போகும்போதுதான் 'நகல்' என்ற சொல் எங்கோ உதிர்ந்துவிடுகிறது. நண்பன் இதற்காகவே மூக்கில் கோப்ராவின் பாம்புச் சின்னத்தை வைக்கவில்லை. அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. எஞ்சின் அறையில் ஒரு சிறு அலுமினியத் தகடு. கட்டிய ஆண்டு, அவன் பெயர், மகள் பெயர்.

இப்போது மகளின் கல்லூரிச் செலவுக்காகக் காரை விற்கப் பார்க்கிறான். வந்தவர்களில் நல்ல விலை சொன்னவர் இரண்டு நிபந்தனை போட்டாராம்: சின்னம் வைக்க வேண்டும், தகடு போக வேண்டும். "ரிவெட் அடிச்சிருக்கேன்டா, துளை போட்டாத்தான் வரும்" என்றான் போன வாரம். கல்லூரிக் கட்டணம் ஆகஸ்டில் கட்ட வேண்டும். அடுத்த ஆளுக்காகக் காத்திருக்கிறான்.