எறிதூரம்

150 கிராம் ஈயக்குண்டை 100 மீட்டர் தூரம் எறிய எவ்வளவு பலம் வேண்டும்? காற்றே இல்லாத உலகம் என்று வைத்துக்கொண்டால், 45 டிகிரி கோணத்தில் நொடிக்கு 31 மீட்டர் வேகம் போதும். மணிக்கு 113 கிலோமீட்டர் என்று மாற்றிச் சொன்னால் மிரட்டலாக இருக்கும். ஆனால் அந்தக் குண்டுக்குள் ஏற்ற வேண்டிய ஆற்றல் 74 ஜூல்தான். ஒரு கிலோ அரிசிப் பையை இரண்டரை மாடி ஏற்றி வைக்கிற வேலை. காற்றின் தடையையும் பின்னால் இழுபடும் நரம்பையும் கணக்கில் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். அப்போதும் பயில்வான் பலமெல்லாம் தேவையில்லை.

பிறகு ஏன் கடற்கரையில் இளவட்டங்கள் பல்லைக் கடித்து, முகம் சிவந்து, மொத்த உடம்பையும் வீசி 60 மீட்டரில் குண்டைப் போடுகிறார்கள்? பக்கத்திலேயே எழுபது வயதுக் கிழவர் ஒருவர் கதவைத் திறப்பதுபோல நிதானமாகத் திரும்பி 120 மீட்டரில் போட்டுவிட்டு டீ ஊற்றிக்கொள்கிறார்?

நான் வேலைக்காக இங்கிலாந்தின் இப்ஸ்விச்சுக்கு வந்து ஆறு வருடமாகிறது. அங்கிருந்து வடகிழக்கே டன்விச் என்றொரு கடற்கரை. ஒரு காலத்தில் பெரிய துறைமுக நகரம். 1286இல் வந்த புயலும் அதற்குப் பிறகு வந்தவையும் கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, இன்று மிச்சமிருப்பது சில வீடுகள், ஒரு தேநீர்க் கடை, நீண்ட சரளைக்கல் கரை. நாங்கள் எறியும் ஈயம் விழும் இடத்தில் தெருக்கள் இருந்திருக்கின்றன. இதை நினைத்துக்கொண்டு மீன் பிடிப்பது ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். கொஞ்ச நாளில் பழகிவிடும்.

வடகடலின் இந்தப் பக்கத்தில் நீரோட்டம் பலமானது. 50 கிராம் குண்டெல்லாம் கரையோடு உருண்டு பக்கத்து ஆளின் நரம்பில் சிக்கிக்கொள்ளும். அதனால்தான் 150 கிராம் ஈயம். அதன் மூக்கில் நான்கு கம்பிகள் நங்கூரம்போல நீட்டிக்கொண்டிருக்கும். மணலைப் பிடித்து நிற்கும், பலமாக இழுத்தால் மடங்கிக்கொள்ளும். அந்த எடையை வீச 12, 13 அடி நீள ராடு. இந்தக் கனத்த சரக்கு முழுவதும் குளிர்காலத்துக் காட் மீனை நினைத்து வளர்ந்தது. காட் தூரத்தில் மேயும், ஆகவே தூரம் எறி. அப்படித் தொடங்கிய பழக்கம் கடைசியில் மீனே வேண்டாம், தூரம் மட்டும் போதும் என்கிற இடத்துக்கும் போனது. புல்வெளியில் கோடு போட்டு, எறிந்து, அளந்து பார்க்கும் போட்டிகள் நடக்கின்றன. தேர்ந்தவர்கள் 250 மீட்டரைத் தாண்டுகிறார்கள். தண்ணீரே இல்லாத தூண்டில் என்று என் மனைவி சிரிப்பாள். எனக்கு அது கர்நாடக சங்கீதத்தில் சுரம் மட்டும் பாடிக் காட்டுவதுபோலத்தான் தெரிகிறது.

இந்தக் கரையில்தான் அண்ணை பழக்கமானார். பருத்தித்துறைக்காரர், அறுபத்தொன்று வயது, நகரத்தில் கடை வைத்திருக்கிறார். நான் தஞ்சாவூர்ப் பக்கம், 'அண்ணே' என்றுதான் வாயில் வரும்; அவரோடு பழகி 'அண்ணை' ஆகிவிட்டது. என் ராடை முதல்முறை பார்த்ததும் கேட்டார்: "உது எறியிற தடியோ, இல்லாட்டி மாங்காய் பிடுங்கிற கொக்கத்தடியோ தம்பி?" அடுத்த மாதமே அவரும் ஒன்று வாங்கினார்.

போன ஆண்டு கடையில் அரிசி மூட்டை தூக்கும்போது அவருடைய வலது தோளின் தசைநாண் பாதி கிழிந்துவிட்டது. அறுவை சிகிச்சை வேண்டுமா, பயிற்சியிலேயே சரியாகுமா என்று மருத்துவர்கள் பொறுத்துப் பார்க்கச் சொன்னார்கள். மற்றதெல்லாம் செய்யலாம், ஆனால் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பாரத்தோடு முன்னால் வீசக்கூடாது. அதாவது, சாதாரணமாக எல்லோரும் தூண்டில் எறியும் அந்த ஒரே அசைவு. "டொக்டர் மீன் பிடிக்க வேண்டாமெண்டு சொல்லேல்லை. எறிய வேண்டாமெண்டுதான் சொன்னவர்" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை. நாற்பது வருடங்களாக ஊர் இல்லாமல் இருக்கிற ஆளுக்கு வாரத்தில் ஒரு ராத்திரி கடல் என்பது பொழுதுபோக்கு இல்லை.

பொறியியல் கல்லூரி முதல் செமஸ்டரில் படித்த ஒரு வரிச் சமன்பாடு இங்கே வேலைக்கு வந்தது. வேலை என்பது விசை பெருக்கல் தூரம். குண்டுக்கு 74 ஜூல் கொடுக்க வேண்டும் என்றால், அதை எவ்வளவு நீளப் பாதையில் கொடுக்கிறோம் என்பதே கேள்வி. தலைக்கு மேலே ராடைத் தூக்கிப் பட்டென்று முன்னால் அடித்தால், குண்டு வேகமெடுக்கும் பாதை சுமார் 6 மீட்டர். அதே குண்டைப் பின்னால் தரையில் கிடத்தி, கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, உடம்பைத் திருப்பி இழுத்து வந்தால் பாதை 12 மீட்டர்வரை வரும். பாதை இரட்டித்தால் அதே ஆற்றலுக்குச் சராசரி விசை பாதிதான். ராடு ஒரு நெம்புகோல் என்பதால் கையில் படும் விசை குண்டில் படுவதைவிடப் பல மடங்கு. ஆனால் விகிதம் மாறாது.

இதற்கு இங்கே தரையெறி என்று பொருள்படும் ஒரு பெயர் உண்டு. செய்முறையைச் சொல்கிறேன், வலக்கைக்காரருக்கு. இடது தோள் கடலைப் பார்க்கும்படி நின்று, இடுப்புக்கு மேலே இன்னும் அதிகமாகத் திரும்பி, ராடின் நுனியைக் கரைப் பக்கமாகத் தாழ்த்திக்கொள்ளுங்கள். நுனியிலிருந்து ஒன்றரை, இரண்டு மீட்டர் நரம்பு விட்டு, ஈயம் தரையில், ராடின் நுனிக்கும் அப்பால் கிடக்கட்டும். நரம்பு தொய்வாக இருக்கக்கூடாது. வலது கை நேராக நீண்டிருக்கும், இடது கை முகத்துக்கு முன்னால். கண் முதலில் திரும்ப வேண்டும். விழப்போகும் இடத்துக்கு மேலே ஒரு மேகத்தைப் பாருங்கள். தலை போனால் தோள் போகும், தோளோடு இடுப்பு. எடை வலது காலிலிருந்து இடது காலுக்கு நகரும். இதுவரை கைகள் எதுவுமே செய்யவில்லை, ராடைச் சுமந்து வருகின்றன, அவ்வளவுதான். மார்பு கடலைப் பார்த்த பிறகு வலது கை மேல்நோக்கித் தள்ள, இடது கை விலா எலும்புக்கு இழுக்க, ராடு சுழன்று விடுபடும். வேகம் முழுக்கக் கடைசியில்தான். ஆரம்பத்திலேயே வேகம் காட்டுகிறவர்களுக்கு ராடு முன்கூட்டியே வளைந்து, கடைசியில் தள்ள ஒன்றும் மிச்சமிருக்காது.

வலது கை முழுக்கக் கீழேயே இருந்துவிடும் என்று சொல்ல முடியாது. கடைசியில் கண் உயரத்துக்கு வரும். ஆகவே அண்ணையிடம் நான் முதலில் சொன்னது, பிசியோதெரபிஸ்டிடம் காட்டாமல் எறிய வேண்டாம் என்பதுதான். நான் எறிவதை வீடியோ எடுத்துக் கொண்டுபோனார். அந்தப் பெண்மணி இரண்டு மூன்று தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, பாரம் பாதியில் தொடங்கு, ஒரு நாளைக்குப் பத்து எறிதான், வலித்தால் அந்த நொடியே நிறுத்து என்றாராம்.

ஈயத்தையும் நரம்பையும் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தூரம் எறிவது பற்றிய பேச்சில் எல்லோரும் ராடையும் ரீலையும் பேசுவார்கள், முடிச்சைப் பேச மாட்டார்கள். குண்டு 4 மீட்டர் ஆரத்தில் நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் சுழன்றால் நரம்பில் விழும் மையநோக்கு விசை மட்டும் 60 நியூட்டன், ஆறு கிலோ எடை. ரீலில் நாம் சுற்றியிருப்பது 0.35 மில்லிமீட்டர் நரம்பு, 15 பவுண்டு, அதாவது 6.8 கிலோ தாங்கும். முடிச்சில் அது குறையும், சரளைக்கல்லில் உரசினால் இன்னும் குறையும். அறுந்தால் 120 ஜூல் ஆற்றலோடு ஒரு ஈயத்துண்டு எந்தத் திசை என்று தெரியாமல் போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கண் முன்னால் ஒருவருடைய முடிச்சு விட்டுப்போய், குண்டு கடலுக்குப் போகாமல் கரையோடு பறந்து சரளையில் வெடித்தது. கொஞ்சம் முன்புவரை அந்த இடத்தில் ஒரு அம்மாள் நாயோடு போய்க்கொண்டிருந்தார். யாரும் எதுவும் பேசவில்லை. அந்த ஆள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அதனால் நுனியில் ஷாக் லீடர் என்ற தடித்த நரம்பு கட்ட வேண்டும். ஓர் அவுன்சு ஈயத்துக்குப் பத்துப் பவுண்டு என்பது இங்கே பாலபாடம். 150 கிராம் என்றால் 5.3 அவுன்சு, ஆகவே 60 பவுண்டு. நீளம், ரீலில் ஏழெட்டுச் சுற்று இருக்கும்படி பத்து மீட்டராவது வேண்டும். "எங்கட ஊரில தங்கூசி எண்டா ஒரே தங்கூசிதான்" என்று அண்ணை முணுமுணுத்துக்கொண்டே கட்டினார். ஆனால் அவர் போடும் முடிச்சைப் பார்க்க வேண்டும். எச்சில் தொட்டு, மெதுவாக இறுக்கி, நகத்தால் தடவிப் பார்த்து, சந்தேகமிருந்தால் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி.

ரீல் விஷயத்தில் அவர் பிழைத்தார். நிலையான உருளை உள்ள ஸ்பின்னிங் ரீல், உதட்டுக்கு ஓரிரு மில்லிமீட்டர் குறைவாக நரம்பு நிரப்பினால் போதும். நான் வைத்திருப்பது உருளை சுழலும் மல்டிப்ளையர். குண்டு கிளம்பும்போது அந்தச் சின்ன உருளை நிமிடத்துக்கு 19,000 சுற்றுவரை போகும். குண்டு காற்றில் வேகம் குறையும், உருளை குறையாது. கேட்பவனைவிடக் கொடுப்பவன் வேகமாக இருந்தால் இடையில் என்ன ஆகும் என்று எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே அதற்குக் குருவிக்கூடு என்று பெயர். காந்தத்தை ஒரு திருகு அருகில் கொண்டுவந்தால் சுழல் மின்னோட்டம் உருளையைப் பிடித்து நிறுத்தும். இருட்டில், விறைத்த விரலோடு அந்தக் கூட்டைப் பிரித்துப் பாருங்கள், மின்காந்தவியலின் மேல் தனி மரியாதை வரும்.

செப்டம்பரில், பார்லி அறுவடை முடிந்த ஒரு வயலில், விவசாயியிடம் கேட்டுக்கொண்டு, அளவு நாடாவோடு இறங்கினோம். 80 கிராம் ஈயம், முள் கிடையாது. முதல் எறி 41 மீட்டர். தோளைத் தடவிக்கொண்டு நின்றார், வலியா என்று கேட்டேன். "வலியில்லை. வலிக்குமெண்டு பயம்." மூன்றாவது வாரம் அவர் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தவன், இது எங்கேயோ பார்த்த அசைவாக இருக்கிறதே என்று கேட்டேன். சின்ன வயதில் கல்லு மேடையில் நின்று கைத்தூண்டில் எறிந்ததைச் சொன்னார். தங்கூசியைக் கையில் வளையமாக வைத்துக்கொண்டு, ஈயத்தை நாலைந்து தடவை சுழற்றி விடுவார்களாம். "நாங்கள் தடியோ ரீலோ பாத்தமே? ஈயம் தானா இழுக்கேக்க விட்டாச் சரி." நாலு சுற்று! நான் வரைபடம் போட்டு 12 மீட்டர் பாதை என்று விளக்கியதை, ராடே இல்லாமல், அதைவிட நீளமாக அவர் பத்து வயதிலேயே செய்திருக்கிறார். "அப்ப ஏன் அண்ணை இவ்ளோ நாள் தலைக்கு மேல அடிச்சீங்க?" "தடியைக் கண்டா அடிக்கத்தானே தம்பி கை போகும்."

அதன்பிறகு நான் கோணம், கால் நகர்வு என்று பேசுவதை விட்டுவிட்டேன். ஈயம் இழுக்கும்போது விடுங்கள் என்பதோடு சரி. அக்டோபர் கடைசியில் 150 கிராமில் 93 மீட்டர். தோள் கெடுவதற்கு முன்பு இதே வயலில் பழைய பாணியில் எறிந்தபோது அளந்தது 71.

காட் மீனைப் பற்றி. இந்தக் கடற்கரைகளில் அது இப்போது அரிது. எண்பதுகளில் வாளி நிறையப் பிடித்த கதைகளைக் கிழவர்கள் சொல்வார்கள். வடகடல் காட்டுக்கு 2017இல் எம்.எஸ்.சி. நீல முத்திரை கிடைத்தது, மீண்டுவிட்டது என்று கொண்டாடினார்கள். 2019இல் முத்திரையை நிறுத்திவைத்தார்கள். அதிகப்படியாகப் பிடித்ததும் சூடேறும் கடலும் சேர்ந்து செய்த வேலை. எந்த மீனுக்காக இந்த ராடும் குண்டும் எறிமுறையும் பிறந்தனவோ, அது வருவதில்லை. மிச்சமிருப்பவற்றில் பல காலடிக்கே வரும். நாக்குமீன் கோடை ராத்திரிகளில் 20 மீட்டருக்குள் மேயும். கொடுவா ஜாதியைச் சேர்ந்ததுபோல இருக்கும் பாஸ் மீன், கடல் கொந்தளித்தால் நுரைக்குள்ளேயே நிற்கும். அவற்றுக்கு 100 மீட்டர் எறிகிறவன் மீனைத் தாண்டி எறிகிறான். இதை அண்ணையிடம் சொன்னேன். "கிட்ட எறியிறதுக்கும் தூர எறியத் தெரிஞ்சிருக்க வேணும்" என்றார். சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை, எனக்குப் பிடித்திருந்தது.

நவம்பரில் ஒரு ராத்திரி டன்விச்சில் இறங்கினோம். மேற்கிலிருந்து நிலக்காற்று, முதுகில் தள்ளியது. கடற்புழுவை முள்ளில் கோத்து, பறக்கும்போது ஆடாதபடி ஈயத்தின் பின்னால் கொக்கியில் மாட்டினார். தொங்கும் இரை காற்றில் பாராசூட் மாதிரி. பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று இரண்டு பக்கமும் விளக்கடித்துப் பார்த்தார். திரும்பினார். ரீலிலிருந்து நரம்பு போகிற சத்தம் நின்றபிறகும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தொப்பென்று கேட்டது. அன்றைக்கு அவர் எறிந்தது ஏழு. கிடைத்தவை வைட்டிங் நான்கு, ஒரு நாய்ச்சுறா. நாய்ச்சுறாவை விட்டுவிட்டார். எட்டாவது எறிக்கு இரை கோத்துவிட்டு, வலது கையை ஒருமுறை மெதுவாக உயர்த்தி இறக்கிப் பார்த்தார். பிறகு ராடை என்னிடம் நீட்டினார்.

"இதை நீர் எறியும். இண்டைக்கு இது காணும்."