விடுபட்ட பக்கங்கள்

சேலையூரில் இருந்த என் கட்சிக்காரர், கணவருடன் சேர்ந்து வாழக் கோரித் தாம்பரம் சார்பு நீதிமன்றத்தில் மனுப் போட்டிருந்தார். ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்த்த கணவரின் எதிர்வாதம் ஒரே வரிதான்: ஜெர்மன் நீதிமன்றம் விவாகரத்து கொடுத்துவிட்டது. கூடவே தீர்ப்பு நகல், ஆங்கில மொழிபெயர்ப்பு, அதன்மேல் நோட்டரி முத்திரை.

நகல் ஐந்து பக்கம். மொழிபெயர்ப்பு ஒன்றரைப் பக்கம்.

எனக்கு ஜெர்மன் தெரியாது. பக்கம் எண்ணத் தெரியும். நோட்டரிகள் சட்டம், 1952, பிரிவு 8 மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கும் அதிகாரத்தை நோட்டரிக்குத் தருகிறது. அந்த மொழியே அறியாதவர் எதைச் சரிபார்ப்பார்?

ஆள் தேடினோம். குரோம்பேட்டையிலும் வேளச்சேரியிலும் ஜெர்மன் வகுப்புகளுக்குப் பஞ்சமில்லை. "பண்ணிடலாம் சார்" என்பார்கள். "தேவைப்பட்டா கூண்டேறி குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்லணும்" என்றதும் போனை எடுக்க மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பாடம் நடத்துவது வேறு, தீர்ப்பை மொழிபெயர்ப்பது வேறு. இயந்திரக் கையேடுகளை மொழிபெயர்த்து ஓய்வுபெற்ற கிழக்குத் தாம்பரத்துப் பெரியவர் ஒருவர்தான் வழி காட்டினார். "குடும்பச் சட்டம் எனக்குப் பழக்கமில்லை தம்பி. அங்கேயே கோர்ட்டில் சத்தியப் பிரமாணம் எடுத்த மொழிபெயர்ப்பாளர்கள் இருக்காங்க. அந்த ஊர் நீதித்துறையே பட்டியலை இணையத்தில் போட்டிருக்கு."

அப்படி ஒருவரிடமிருந்து முழு மொழிபெயர்ப்பு வந்து சேர்ந்தது. விடுபட்ட பக்கங்களில்தான் வழக்கே இருந்தது. மூன்றாண்டு பிரிந்து வாழ்ந்தால் மணவாழ்வு முறிந்ததாகவே கொள்வது ஜெர்மன் சட்டம். விவாகரத்து கிடைத்தது அதன் பேரில். வெறும் பிரிவு இந்து திருமணச் சட்டத்தில் விவாகரத்துக்குக் காரணம் ஆகாது. மனைவி அங்கே ஆஜராகவில்லை, வழக்காடவில்லை என்பதும் அதே பக்கங்களில் இருந்தது. இத்தகைய வெளிநாட்டுத் தீர்ப்பு இங்கே செல்லாது என்று நரசிம்ம ராவ் வழக்கில் 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எதிர்த்தரப்பு தன் மொழிபெயர்ப்பாளரைச் சாட்சியாக நிறுத்தவே இல்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 13-ஆம் பிரிவின்கீழ் ஜெர்மன் தீர்ப்பை ஏற்க நீதிபதி மறுத்தார்.

டச்சு மொழிக்கு ஆள் கிடைப்பது இதைவிடச் சிரமம். டச்சுக்காரர் கோட்டை கட்டிய சதுரங்கப்பட்டினம் நம் செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருக்கிறது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அவர்களுடைய பழைய ஏடுகளும் இருக்கின்றன. அதனால் நமக்கு என்ன பயன்! பல்லாவரத்துக் குடும்பமொன்று நெதர்லாந்து இறப்புச் சான்றிதழோடு வந்தபோது நான் மொழிபெயர்ப்பாளரையே தேடவில்லை. பிறப்பு, இறப்பு, திருமணம் பதிவான அந்த நாட்டு நகராட்சியில் பன்மொழிப் படிவத்தில் சான்று கேட்டால், தலைப்புகள் ஆங்கிலத்திலும் அச்சாகியே வரும். ஜெர்மனியிலும் இது உண்டு.

தீர்ப்புகளுக்கு அந்த வசதி கிடையாது. வெளிநாட்டுத் தீர்ப்பு கைக்கு வந்தால், கடைசிப் பக்கத்து முத்திரை வரை மொழிபெயர்த்துத் தரச் சொல்லுங்கள். முன்பணம் கொடுக்குமுன், சாட்சி சொல்ல வருவாரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.