அப்பாவின் முட்டியும் 40 மில்லிமீட்டரும்!

உங்க வீட்டு பைக்கில் சைலன்ஸர் எப்படி இருக்கும்னு கேட்டா உடனே சொல்லிடுவீங்க. டேங்க்ல என்ன ஸ்டிக்கர்னு கேட்டாலும் சொல்லுவீங்க. ஃபுட்ரெஸ்ட் எந்த உயரத்துல இருக்குன்னு கேட்டா? முழிப்பீங்கதானே பாஸ்! தப்பில்லை. கால் வலிக்காத வரைக்கும் அந்த ரெண்டு ரப்பர் கட்டையை யாரும் திரும்பிக்கூட பார்க்கறதில்லை. நான் பார்த்தேன். பார்த்ததோட விட்டிருக்கலாம். கை வெச்சேன். அந்தக் கதைதான் இது.

எங்க ஊர் கோவை பக்கத்தில் அன்னூர். அப்பாவுக்கு கணபதியில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் வேலை. சத்தி ரோட்டில் போக வர தினமும் அம்பது கிலோமீட்டருக்குக் குறையாது. வண்டி ஒரு 100 சிசி. அப்பா ஆறடி. சாயங்காலம் வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கினதும், கேட்டைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு நிமிஷம் அப்படியே நிப்பார். முட்டி நேராகணும்ல! கேட்டா, "வயசாகுதில்ல கண்ணு" என்பார். அம்மா தைல பாட்டிலோட வருவாங்க.

நான் மெக்கானிக்கல் மூணாம் வருஷம். சும்மா இருப்பேனா? அப்பாவை வண்டியில் உட்கார வெச்சு, பக்கவாட்டில் இருந்து செல்போன்ல ஒரு போட்டோ எடுத்தேன். இடுப்பு, முட்டி, கணுக்கால், மூணுக்கும் கோடு போட்டு பாகைமானி வெச்சு அளந்தா, முட்டி 75 டிகிரி! நாற்காலியில் கால் தொங்க உட்கார்ந்தா 90 டிகிரி. அதைவிட மடக்கி வெச்சு ஒரு மணி நேரம் ஓட்டினா, வயசு என்ன பண்ணும் பாவம்?

இந்த இடத்துல ஒரு குட்டி கிளாஸ். பைக்கில் நம்ம உடம்பு மூணு இடத்துல மாட்டியிருக்கு. சீட், ஹேண்டில்பார், ஃபுட்ரெஸ்ட். இந்த முக்கோணத்துல ஒரு மூலையை நகர்த்தினா மொத்த உடம்பும் நகரும். ரேஸ் பைக்கில் ஃபுட்ரெஸ்ட் பின்னாடி தள்ளி மேலே இருக்கும். வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது அது தரையில் உரசக் கூடாதுன்னு. நம்ம செட்டிப்பாளையம் ரேஸ் டிராக்குக்கு அது சரி. அதையே 'ரியர்செட்'னு வாங்கி மாட்டிக்கிட்டு காந்திபுரம் சிக்னல்ல நிக்கிற மச்சிகளுக்கு மணிக்கட்டும் முட்டியும்தான் மிச்சம். குரூஸர் பைக்கில் கால் முன்னாடி நீண்டிருக்கும். முட்டிக்கு சுகம்தான். ஆனா பள்ளம் வரும்போது காலை ஊன்றி உடம்பைத் தூக்க முடியாது. அடி நேரா முதுகுத்தண்டுக்குப் போகும்.

அப்பாவுக்கு இது ரெண்டும் வேண்டாம். ஃபுட்ரெஸ்ட் நேர் கீழே 40 மில்லிமீட்டர் இறங்கினா போதும்னு கணக்கு போட்டேன்.

எங்க வண்டியில் ரெண்டு ஃபுட்ரெஸ்ட்டும் ஒரே இரும்புக் கம்பி. இன்ஜினுக்கு அடியில் நாலு போல்ட்ல தொங்குது. நடுவில் 40 மில்லிமீட்டர் கட்டை கொடுத்து, நீளமான போல்ட் போட்டா வேலை முடிஞ்சது. கணபதியில் தெரிஞ்ச லேத் பட்டறை அண்ணாகிட்ட போனேன். போல்ட் நீளத்தில் நான் ரொம்ப உஷார். இன்ஜின் அடிப்பாகம் அலுமினியம். 8 மில்லிமீட்டர் போல்ட் அதுக்குள்ள குறைஞ்சது 12 மில்லிமீட்டராவது இறங்கணும். இல்லேன்னா மரை பிச்சுக்கும், அப்புறம் இன்ஜினுக்கே வைத்தியம்! காலடி இறங்கினதால கியர் லீவரையும் கழற்றி, ஒரு பல் கீழே தள்ளி மாட்டினேன். பெருமை தாங்கலை.

அண்ணா மட்டும் கேட்டார். "ஏந் தம்பி, பிரேக்க என்ன பண்ணப் போறீங்க?"

பிரேக் பெடல் கியர் லீவர் மாதிரி இல்லை. தனியா சேஸிஸ்ல மாட்டியிருக்கு. பல் கிடையாது, இறக்க வழியும் கிடையாது. "அது பழகிடும்ணா"ன்னு சொல்லிட்டு காசு கொடுத்துட்டு வந்துட்டேன்.

வண்டி என்கிட்ட ரெண்டு தடவை சொல்லிப் பார்த்துச்சு மக்களே. முதல் நாளே எங்க தெரு ஸ்பீடு பிரேக்கர்ல அடியில் 'டங்'னு ஒரு இடி. சைடு ஸ்டாண்டும் அதே கம்பியில்தான் மாட்டியிருக்கு. அதுவும் 40 மில்லிமீட்டர் இறங்கிட்டதால வண்டி சாயாம விறைப்பா நின்னுச்சு, லேசா தொட்டா மறுபக்கம் விழுற மாதிரி. ரெண்டையும் நான் கண்டுக்கலை. ஏன்னா அப்பா சிரிச்சுக்கிட்டே இறங்கினார். கேட்டைப் பிடிக்கலை! அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கே... கேம்பஸ்ல வேலை கிடைச்சாகூட அப்படி பார்ப்பாங்களா தெரியாது.

நாலாம் நாள், அப்பா முழங்கையில் கட்டோட வந்தார். "குரும்பபாளையம் கிட்ட ஒரு நாய் குறுக்க வந்துச்சு. மணல்ல வழுக்கிடுச்சு கண்ணு." ஹெல்மெட் இருந்தது. மெதுவாத்தான் போயிருக்கார். தோல் போனதோட சரி.

ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தப்போ வாசலில் அவர் ஷூவைப் பார்த்தேன். வலது கால் ஷூவின் மேல்பக்கம், கட்டை விரலுக்கு நேரா, நீளமா ஒரு கீறல். மேல்பக்கம்! எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

கால் 40 மில்லிமீட்டர் இறங்கிடுச்சு. பிரேக் பெடல் அங்கேயே இருக்கு. நாய் குறுக்க வந்ததும் அப்பாவின் கால், இருபது வருஷப் பழக்கத்துல, நேரா கீழே அழுத்தியிருக்கு. பெடலுக்கு மேலே இல்லை... பெடலுக்கு அடியில்! கையில் இருக்கிற முன் பிரேக் மட்டும் பிடிச்சிருக்கு. மணல்ல முன் சக்கரம் நின்னா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

நானும் ஓட்டிப் பார்த்துத்தான் கொடுத்தேன். எனக்கு பெடல் உயரம்னு தெரியும், அதனால காலைத் தூக்கி அழுத்தினேன். அப்பாவின் காலுக்கு அது தெரியாது. 40 கிலோமீட்டர் வேகத்துல வண்டி ஒரு நொடிக்கு 11 மீட்டர் போகும். கால் பெடலைத் தேடுற அரை நொடியில் அஞ்சரை மீட்டர் காலி. அந்த நாய்க்குப் பதிலா லாரி வந்திருந்தா?

காலையில் அப்பாகிட்ட ஒத்துக்கிட்டேன். திட்டுவார்னு பார்த்தா, "எனக்கும் தெரியும்டா. நீ ஆசையா பண்ணியே, எப்படிச் சொல்றது?" என்றார். திட்டியிருக்கலாம். அது இவ்வளவு வலிச்சிருக்காது.

மறுபடி அதே பட்டறை. அண்ணா ஒரே கேள்விதான் கேட்டார். "முட்டி விரியணும்னா ஃபுட்ரெஸ்ட்டத்தான் இறக்கணுமா? உக்கார்ற இடத்த ஏத்துனா ஆகாதுங்களா?" மூணு வருஷம் படிச்ச எனக்குத் தோணலை! சீட்டுக்கும் ஃபுட்ரெஸ்ட்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தானே கணக்கு. சீட்டில் ஃபோம் வெச்சு 25 மில்லிமீட்டர் ஏத்தினோம். அப்பா ஆறடி, கால் தரையில் நல்லாவே ஊனும். ஃபுட்ரெஸ்ட்டுக்கு 15 மில்லிமீட்டர் கட்டை மட்டும். மொத்தம் அதே 40! பிரேக் பெடலை சூடு காட்டி வளைச்சு அதே 15 இறக்கினார் அண்ணா. கியர் லீவரை காலுக்குத் தோதா மாத்தினார், சைடு ஸ்டாண்டை வெட்டி ஒட்டினார். அடியில் இடிக்கலை. ஒரு வாரம் அப்பா எங்க தெருவிலேயே, மெதுவா, பிரேக் அடிச்சு அடிச்சுப் பழகினார். அதுக்கப்புறம்தான் சத்தி ரோடு.

நீங்களும் கை வைக்கப் போறீங்களா? ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்லுது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அதனால முதல்ல விசாரிச்சுக்குங்க. சீட்டில் முடியற வேலையை சீட்டிலேயே முடிங்க. ஃபுட்ரெஸ்ட்டைத் தொட்டா பிரேக், கியர், ஸ்டாண்ட் மூணையும் தொட்டே ஆகணும்.

கடைசியா ஒரு டெஸ்ட். வண்டியை சென்டர் ஸ்டாண்ட் போட்டு, தினமும் அதை யார் ஓட்டறாங்களோ அவங்களை உட்கார வெச்சு, கண்ணை மூடச் சொல்லுங்க. திடீர்னு "பிரேக்!"னு கத்துங்க. கால் தேடாம பெடல்ல விழுந்தா பாஸ். ஒரு இஞ்ச் தேடினாலும் அரியர்தான்.

அப்பா பாஸ் பண்ணிட்டார். சாயங்காலம் கேட்டை இப்போ திறக்கறதுக்கு மட்டும்தான் பிடிக்கிறார்!