தேத்தண்ணியில் பால்

பால்மரக் காட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். ஆனால் எட்டு வயது வரை பால் கலந்த தேத்தண்ணி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மரத்துப் பால் வாளி வாளியாக ஸ்டோருக்குப் போகும். மாட்டுப் பால் கிராணி வீட்டுக்குப் போகும். லயத்தில் எங்களுக்கு வெறும் சாயத் தேத்தண்ணிதான். விடியற்காலை நான்கு மணிக்கு அம்மா அடுப்பு மூட்டி ஆளுக்கொரு மங்கு ஊற்றி வைத்துவிட்டு, மிச்சத்தைப் போத்தலில் எடுத்துக்கொண்டு பெரட்டுக்கு ஓடுவார்.

எங்கள் வீட்டுக்குள் டின் பால் நுழைந்தது தேத்தண்ணிக்காக அல்ல, 1961-இல் பிறந்த என் தங்கைக்காக. அம்மா வேலைக்குத் திரும்பியதும் பிள்ளை ஆயாக் கொட்டகைக்குப் போனாள். இரண்டு கரண்டி டின் பாலைச் சுடுதண்ணீரில் கரைத்துப் புட்டியில் கொடுத்தார்கள். எறும்பு ஏறாமல் இருக்க, தண்ணீர்த் தட்டின் நடுவே அந்த டின் நிற்கும். நாங்கள் தொடக்கூடாது.

ஏழாம் மாதம் வயிற்றுப்போக்கு வந்தது. தங்கை போய்விட்டாள்.

மிச்சமிருந்த அரை டின்னை அம்மா வீசவில்லை. வீசும் நிலையில் நாங்கள் இல்லை. சில நாள் கழித்து எங்கள் தேத்தண்ணியில் ஊற்றினார். அதுதான் நான் குடித்த முதல் பால் தேத்தண்ணி. இனித்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. அம்மா மட்டும் அன்றும் சாயமே குடித்தார்.

அந்தப் பால்தான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் டின் பாலில் ஏறக்குறைய பாதி சீனி. அதனால்தான் ஐஸ்பெட்டி இல்லாமலே கெடாமல் இருக்கிறது. தண்ணீர் கலந்தால் குழந்தைக்கு வேண்டிய சத்து அதில் போதாது. சிசிலி வில்லியம்ஸ் என்ற டாக்டர் அம்மையார் இதை 1939-இலேயே சிங்கப்பூரில் ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பில் பேசி எச்சரித்திருக்கிறார். அந்தப் பேச்சு எங்கள் லயம் வரை வந்து சேரவில்லை.

கலியாணமாகி கிள்ளானுக்கு வந்த பிறகுதான் தே தாரிக்கின் அருமை தெரிந்தது. துணிப்பையில் வடித்த கெட்டிச் சாயம், அடியில் டின் பால், இரண்டு மங்குகளுக்கு இடையே கைநீளத்துக்கு இழுத்து ஆற்றினால் நுரை பொங்கும். பாலில் உள்ள புரதம் சாயத்தின் துவர்ப்பைப் பிடித்துக்கொள்வதால் நாக்குக்கு இதமாகிறது. நாசி லெமாக், ரொட்டி சானாயோடு தே தாரிக்கும் சேர்ந்த நம் மலேசியக் காலைப் பசியாறலை 2024-இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. கேட்க எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனாலும் சகோதரிகளே, டின்னைத் திருப்பி அதில் எழுதியிருப்பதைப் படியுங்கள். இன்று மலிவாகக் கிடைக்கும் பல டின்கள் செம்பனை எண்ணெய் சேர்த்த இனிப்புக் கிரீமர்தான். இனிப்புநீர் உள்ளவர்கள் வீட்டில் பசும்பாலைக் காய்ச்சிச் சீனியில்லாமல் ஊற்றிக்கொள்ளலாம். என் கணவருக்கு அப்படித்தான் தருகிறேன். முதல் வாரம் முகம் சுளித்தார், இப்போது பழகிவிட்டது.

பிள்ளை பெற்ற பெண்களுக்கு 2023 முதல் 98 நாள் சம்பளத்தோடு லீவு உண்டு. என் மருமகள் அந்த நாட்களில் பேரனுக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தாள். பிறகு வேலைக்குப் போனபோதும் பாலைப் பிழிந்து, ஐஸ்பெட்டியில் வைத்துவிட்டுப் போனாள். என் அம்மாவுக்குக் கிடைக்காத வசதி அது. வேலைக்குப் போகும் மகளோ மருமகளோ உங்கள் வீட்டில் இருந்தால், நீங்களும் அவளுக்குத் துணையாக இருங்கள்.